மழை வந்தால் ஃபோர் ஹை போடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்று வாங்கினேன், லீவரை ஃபோர் ஹைக்குத் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும். "மழைக்காலத்தில் ஃபோர் ஹையிலேயே வை, வழுக்காது" என்று சித்தப்பா சொன்னதால் ஐப்பசி பிறந்ததிலிருந்து அப்படியே ஓட்டுகிறேன். போன வாரம் மன்னார்குடியில் ஒரு தெருவில் வண்டியை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது ஸ்டீயரிங் கனத்து, அடியில் டக் டக்கென்று சத்தம் வந்து, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் நின்றுவிட்டது. என்ன பழுது?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பழுது மாதிரி தெரியவில்லை. ஆனால் இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பழுதாகிவிடும். உங்கள் ஊரில் ஃபோர்வீல் டிராக்டர் ஓட்டுகிற விவரமான ஆள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், வயலை விட்டுத் தார் ரோட்டில் ஏறியதும் முன் சக்கர லீவரை எடுத்துவிடுவார், எடுக்காவிட்டால் முன் டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் ஜீப்பிலும் அதே கதைதான். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டமும் பின் சக்கரங்கள் அதற்கு உள்ளே சின்ன வட்டமும் போடுகின்றன, ஃபோர் ஹையிலோ முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டிருக்கும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் ரோடு நனைந்தாலும் பிடிமானம் அந்த அளவுக்குக் குறைவதில்லை, அதனால் முறுக்கெல்லாம் கியருக்குள்ளேயும் ஷாஃப்ட்டிலும் ஏறுகிறது. மறுபடி அப்படி இறுகினால் ஸ்டீயரிங்கை நேராக்கி நாலைந்து அடி மெதுவாகப் பின்னால் எடுங்கள், முறுக்கு விட்டதும் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹைக்கு மாற்றிவிடலாம்.

சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் நான்கு சக்கரமும் இழுப்பது வண்டி கிளம்பவும் முன்னேறவும்தான் உதவும், நிறுத்துவதற்கு உதவாது. பிரேக் எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தானே இருக்கிறது! டூ ஹையில் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் பின் சக்கரம் லேசாகச் சுழன்று ரோடு வழுக்குகிறது என்று காட்டிக்கொடுக்கும், ஃபோர் ஹையில் அது தெரியாமல் வேகம் ஏறிவிடும், எதிரே மாடு வந்து பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

நம் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. குறுவை அறுவடை நேரத்தில் டிராக்டரும் அறுவடை மெஷினும் வயல் களிமண்ணைத் தாரில் அப்பிவிட்டுப் போகும். பெருமழை அதைக் கழுவிவிடும், தூறல்தான் வம்பு, எண்ணெய் தடவிய மாதிரி ஆக்கிவிடும். அப்படிச் சேறு மூடிய ரோடு நீளமாக வந்தால் ஃபோர் ஹை போட்டு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள், தார் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். நான்கு சக்கரமும் மெதுவாக, ஆனால் அதிக பலத்தோடு இழுக்கும் ஃபோர் லோ வயல் பாதைக்கும் கொள்ளிடம் படுகையில் மாட்டிக்கொண்டால் ஏறி வருவதற்கும்தான்.

அப்புறம் டயரைப் பாருங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும், மழைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தாலே நான் மாற்றிவிடுவேன். தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான்.

கேள்வி: எங்கள் காரில் லீவரே இல்லை, ஏடபிள்யூடி (ஆல் வீல் டிரைவ், நான்கு சக்கரத்துக்கும் இழுவை தானாகவே போகுமாம்) என்று எழுதியிருக்கிறது. இதற்கும் இதே பிரச்சினையா? - கும்பகோணம் வாசகி

பதில்: இல்லை அம்மா. அதில் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற நடுவில் ஏற்பாடு இருக்கிறது, மழையிலும் வெயிலிலும் அப்படியே ஓட்டலாம். ஆனால் லாக் என்று பட்டன் இருந்தால் தார் ரோட்டில் அதைத் தொடாதீர்கள், அது ஃபோர் ஹை மாதிரி முன்னையும் பின்னையும் பூட்டிவிடும். வெண்ணாறோ வெட்டாறோ கரை உடைந்து ரோட்டின் மேல் தண்ணீர் ஓடினால் எந்த டிரைவ் இருந்தாலும் இறங்க வேண்டாம், இரண்டடி ஆழத்துக்கு ஓடுகிற தண்ணீர் பெரிய காரையே தூக்கிக்கொண்டு போய்விடும். திருப்பி வேறு வழியில் போங்கள்.