இரண்டு டப்பாவிலும் ‘2’ இருந்தும் கிரீஸ் ஏன் ஒழுகுகிறது?

வணக்கங்க. மோட்டார் பேரிங்கில் பழைய கிரீஸ் மேலேயே வேறு கம்பெனி கிரீஸை அடித்தீர்கள், இரண்டிலும் ‘என்எல்ஜிஐ 2’ என்றுதான் இருந்தது, ஒரே வாரத்தில் ஒழுகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

என்எல்ஜிஐ என்பது 1933-ல் அமெரிக்காவில் தொடங்கிய கிரீஸ் தொழில் சங்கம். அரசு அமைப்பு அல்ல. 000 முதல் 6 வரை அவர்கள் வகுத்த எண் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும். 25 டிகிரியில், 60 தடவை பிசைந்த கிரீஸில் ஒரு கூம்பை விட்டால் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதுதான் 2. உள்ளே எண்ணெயைக் கெட்டியாக்கும் பொருள் (திக்கனர்) லித்தியமா, பாலியூரியாவா என்பது அந்த எண்ணில் வராது. மோட்டார் பேரிங்கில் பாலியூரியா சகஜம். லித்தியத்தோடு கலந்தால் பல நேரம் இளகிவிடும். எங்கள் பட்டறையில் ஒரு ஃபேன் மோட்டாரைத் திறந்தபோது மோர் மாதிரி வழிந்தது, இன்னும் கண்ணில் நிற்கிறது.

தயவுசெய்து மோட்டாரை ஓட்டாதீர்கள். பேரிங்கைக் கழற்றி, பழசைச் சுத்தமாக எடுத்துவிட்டு ஒரே வகையை நிரப்புங்கள். வாங்கும்போது டேட்டா ஷீட்டில் ‘திக்கனர்’ வரியைப் பாருங்கள். சோதித்துத் தரும் சான்று வேண்டுமென்றால், இதே சங்கம் பல்பயன் கிரீஸுக்குத் தரும் எச்பிஎம் (ஹை பெர்ஃபார்மன்ஸ் மல்டியூஸ்) முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் தாங்குவதற்கும் அதிகப் பளுவுக்கும் அதில் தனிக் குறிகள் உண்டு.