வெஞ்சுரி உரத்தை இழுக்கவில்லையே?

கேள்வி: ஒரு ஏக்கர் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறேன். யூரியா, பொட்டாஷை எப்படிப் பிரித்துவிடுவது?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 250:75:75 கிலோ. ஏக்கருக்குத் தழை 100, மணி 30, சாம்பல் 30 கிலோ. மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படி கூட்டிக் குறைக்கலாம். மணிச்சத்தை 190 கிலோ சூப்பர் பாஸ்பேட்டாக அடியுரத்திலேயே கொடுத்துவிடுங்கள். அது முழுதாகக் கரையாது, குழாய்க்குள் விடவே கூடாது. மீதிக்கு யூரியா 217 கிலோ, வெள்ளைப் பொட்டாஷ் 50 கிலோ.

விதைத்த 10-ம் நாள் தொடங்கி வாரம் ஒரு முறை, மொத்தம் 9 தவணை. முதல் இரண்டுக்கு 12 கிலோ வீதம் யூரியா போதும், வேர் இன்னும் சின்னது. அடுத்த ஐந்துக்கு 30 கிலோ வீதம். முழங்கால் உயரம் தொட்டதிலிருந்து ஆண் பூ விடும்வரைதான் பயிர் தழைச்சத்தை அள்ளி எடுக்கும். கடைசி இரண்டுக்கு 21 கிலோ வீதம். பொட்டாஷை மூன்றாம் தவணையிலிருந்து 7 கிலோ வீதம் சேருங்கள்.

சிவப்புப் பொட்டாஷ் வேண்டாம். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளரில் கரைத்து வையுங்கள், அடியில் செம்மண் போலப் படியும். அதுதான் சொட்டுவானை அடைக்கிறது.

கேள்வி: உர டிரம்மில் குழாயை விட்டால் வெஞ்சுரி (உரக் கரைசலை உறிஞ்சிப் பாசனக் குழாயில் சேர்க்கும் கருவி) இழுப்பதே இல்லை. சில நாள் தண்ணீர் டிரம்முக்குள் திரும்பி வருகிறது.

பதில்: வெஞ்சுரிக்கு முன்னும் பின்னும் பிரஷர் வித்தியாசம் இல்லை என்று அர்த்தம். மெயின் லைன் வால்வை முழுதாகத் திறந்துவைத்தால் தண்ணீர் வெஞ்சுரிக்குள் போகாமல் நேர்வழியில் போய்விடும். அந்த வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். முன்பக்கம் பிரஷர் 2 கிலோ இருந்தால் பின்பக்கம் 1.3 கிலோ அளவுக்கு இறங்கும்போது இழுக்கத் தொடங்கும். அப்படியும் இழுக்காவிட்டால் உறிஞ்சுகுழாயில் காற்றுப் புகுகிறதா, ஜல்லடை அடைத்திருக்கிறதா, பின்னால் உள்ள பில்டர் அழுக்கேறியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் திரும்புவதற்குப் பெரும்பாலும் அந்த பில்டர்தான் காரணம். கிணற்றுப் பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் மோட்டார் நின்றதும் யூரியா கிணற்றுக்குள் இறங்கும், அதே தண்ணீரைத்தான் மாடு குடிக்கும்.

யூரியா கரையும்போது பக்கெட் ஐஸ் போலச் சில்லிடும். குளிர்ந்த தண்ணீரில் மிச்சம் மெதுவாகத்தான் கரையும். 30 கிலோவுக்கு 75 லிட்டர் தண்ணீர் வைத்து, ஒரு மணி நேரம் முன்பே கலக்கிவிடுங்கள். பாசனத்தில் முதல் 20 நிமிடம் வெறும் தண்ணீர், பிறகு உரம், முடிவில் 15 நிமிடம் மறுபடி வெறும் தண்ணீர். அதற்கு மேல் ஓட்டினால் யூரியா வேரைத் தாண்டி இறங்கிவிடும்.

கேள்வி: கால்சியம் நைட்ரேட்டையும் 12:61:0 (மோனோ அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தையும் ஒன்றாக விடலாமா?

பதில்: கூடாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் தண்ணீர் பால் போல வெளுத்து, சுண்ணாம்பு மாதிரிப் படியும். சல்பேட் உரங்களோடும் அப்படியே. வேறு வேறு நாளில் விடுங்கள். புது உரம் எதுவானாலும், உங்கள் கிணற்றுத் தண்ணீரில் அதே அளவில் ஒரு பாட்டிலில் கலக்கி இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு டிரம்மில் ஊற்றுங்கள்.