மதில்டே என்னும் கரிய சிறுகோள்: கேள்வி பதில்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள சிறுகோள் பட்டையில் 253 என்ற எண் கொண்டது மதில்டே. அதைப் பற்றி டெல்டா பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மன்னார்குடி, பத்தாம் வகுப்பு மாணவி: சார், அது எவ்வளவு பெரிசு? நிஜமாகவே கறுப்பா?

நீளம் 66 கிலோமீட்டர், அகலமும் உயரமும் 48, 46. நிறம் கன்னங்கறுப்பு அம்மா. கரிமம் மிகுந்த பாறை. 100 பங்கு ஒளி விழுந்தால் ஏறக்குறைய 4 பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நிலா 12 பங்கு அனுப்புகிறது. படங்களில் சாம்பல் நிறமாகத் தெரிவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுவதால்தான்.

சீர்காழி: பூமி மேல வந்து விழுமா ஐயா?

விழாது. சூரியனை நெருங்கி வரும் சமயத்தில்கூட, பூமி இருக்கும் தூரத்தைப் போல் 1.94 மடங்கு தள்ளித்தான் போகிறது.

மயிலாடுதுறை: அதில் உள்ள பள்ளங்களுக்கு நிலக்கரி வயல்களின் பெயர் வைத்திருக்கிறார்களாமே? நம்ம நெய்வேலி உண்டா?

நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்கள்தான். 33 கிலோமீட்டர் அகலப் பள்ளத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் கரூ, இன்னொன்றுக்கு ஜப்பானின் இஷிகாரி. இந்தியாவுக்கு தாமோதர் கிடைத்திருக்கிறது. நெய்வேலி இல்லை, எனக்கும் வருத்தம்தான்.

தஞ்சாவூர், பொறியியல் மாணவர்: 33 கிலோமீட்டர் பள்ளம் விழுகிற அளவுக்கு அடி வாங்கியும் அது ஏன் சார் உடையவில்லை?

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி தம்பி. 1997 ஜூன் 27 அன்று நாசாவின் நியர் விண்கலம், ஈராஸ் என்ற சிறுகோளுக்குப் போகும் வழியில், மதில்டேயை 1,212 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. அப்போது மதில்டேயின் ஈர்ப்பு கலத்தை லேசாக இழுத்தது. கலத்தின் ரேடியோ அலைவரிசையில் தெரிந்த நுணுக்கமான மாற்றத்தை வைத்தே எடையைக் கணக்கிட்டார்கள்: சுமார் நூறு லட்சம் கோடி டன். கேட்க மலைப்பாக இருந்தாலும், அந்தப் பருமனுக்கு இது ரொம்பக் குறைவு. அடர்த்தி தண்ணீரைப் போல் 1.3 மடங்குதான். அதே வகைக் கரிம விண்கற்களுக்குத் தண்ணீரைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். அப்படியானால் உள்ளே பாதிக்குப் பாதி வெற்றிடம்.

காப்பாற்றியதும் அந்த வெற்றிடம்தான். கொள்ளிடத்து உலர்ந்த மணலில் ஓங்கிக் கல்லை எறிந்து பாருங்கள். கல் புதையும், சுற்றிலும் விரிசல் ஓடாது. அங்கேயும் மோதலின் வேகம் துளைகளை நசுக்குவதிலேயே செலவாகி, அதிர்வு மறுபக்கம் போய்ச் சேரவில்லை. நியர் எடுத்த படத்தில் பெரிய பள்ளங்களின் விளிம்புகளை உற்றுப் பாருங்கள். பக்கத்திலேயே இன்னொரு பெரிய பள்ளம் விழுந்திருந்தும் பழைய விளிம்பு சரியாமல், மண் மூடாமல் நிற்கிறது. கெட்டிப் பாறையில் இது நடக்காது.

பட்டுக்கோட்டை: முழுப் படமும் இணையத்தில் கிடைக்கவில்லையே?

எடுத்ததே சுமார் 60 சதவீதம்தான். மதில்டே தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 17.4 நாள் ஆகும். பெரும்பாலான சிறுகோள்களுக்குச் சில மணி நேரம் போதும். கலமோ நொடிக்குக் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. மறுபக்கம் திரும்பும்வரை அது எங்கே காத்திருக்க? அப்புறம் வேறு எந்தக் கலமும் அங்கே போகவில்லை. மிச்சப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

கும்பகோணம்: இந்த ஆராய்ச்சியில் நம்ம ஊர்ப் பங்கு ஏதாவது இருக்கா?

நிறைய இருக்கிறது. மதில்டேயை வியன்னாவில் ஜோஹன் பலிசா கண்டுபிடித்தது 1885 நவம்பரில். அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் வேரா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்திருந்தார். 1861-லேயே அவர் இங்கிருந்து கண்டுபிடித்ததற்கு ஆசியா என்று பெயர். உங்கள் ஊருக்கு ஒரு தனிச் செய்தியும் உண்டு: 1988-இல் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் குழு கண்டுபிடித்த 4130-ஆம் சிறுகோளின் பெயர் ராமானுஜன். கும்பகோணத்தில் படித்து வளர்ந்த அதே கணித மேதைதான்.

வேதாரண்யம்: எங்க கடற்கரையிலிருந்து மதில்டே தெரியுமா சார்?

வெறுங்கண்ணுக்கோ பைனாகுலருக்கோ தெரியாது. நல்ல பெரிய தொலைநோக்கி வேண்டும். பழகுவதற்கு வெஸ்டா என்ற இன்னொரு சிறுகோளில் ஆரம்பியுங்கள். அது வெளிர் நிறம், பூமிக்கு நெருக்கமாக வரும் மாதங்களில் பைனாகுலரிலேயே பிடிபடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசியில் வானம் தெளிந்திருக்கும். நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். முதல் நாள் அந்தப் பகுதி விண்மீன்களைத் தாளில் வரைந்துகொண்டு, நாலைந்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். இடம் மாறிய புள்ளிதான் வெஸ்டா.