கரும்பட்டையின் ஆற்றல் எங்கே போகிறது? – கேள்வி பதில்

கேள்வி: இரண்டு குறுகிய பிளவுகள் வழியே வரும் ஒளி திரையில் பொலிவும் கருமையுமான பட்டைகளாக விழும் இரட்டைப் பிளவுச் சோதனையில் கரும்பட்டைக்கு வந்த ஒளியாற்றல் என்ன ஆனது?

பதில்: பொலிவுப் பட்டைக்குப் போய்விட்டது. ஒரு பிளவு தரும் செறிவு 1 என்றால், இரண்டும் திறந்ததும் பொலிவின் நடுவில் 2 அல்ல, 4. கருமையில் 0. சராசரி 2. இரண்டு அலைகளின் வீச்சை, அதாவது அலையின் உயரத்தை, கூட்டுங்கள், பிறகு வர்க்கம் எடுங்கள். செறிவை நேரே கூட்டாதீர்கள்.

கேள்வி: லென்ஸின் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு ஒளியை உறிஞ்சுகிறதா?

பதில்: இல்லை. எதிரொளிக்காத பங்கு கண்ணாடிக்குள் போகிறது.

கேள்வி: ஒரே கட்டத்தில் (மேடும் பள்ளமும் ஒன்றாக வரும்படி) இயங்கும் இரண்டு ஆண்டெனாக்களை மிக நெருக்கமாக வைத்தால் எல்லாத் திசையிலும் புலம் இரட்டிப்பு, திறன் 4 மடங்கு. கருமையே இல்லை. உங்கள் கணக்கு இங்கே உதைக்கிறதே?

பதில்: இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். இங்கே பட்டைகளை விட்டுவிட்டு டிரான்ஸ்மிட்டரைப் பாருங்கள். ஓர் ஆண்டெனாவின் புலம் அடுத்ததன் கம்பியில் மின்னோட்டத்தை எதிர்க்கும் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஆண்டெனா திறனை அலையாக வெளியேற்றுவதை ஒரு மின்தடையாகக் கணக்கிட்டால் அதுதான் கதிர்வீச்சுத் தடை. அரை அலைநீள டைபோலுக்கு (அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பி ஆண்டெனா) அது தனியாக இருந்தால் 73 ஓம். இப்படி ஜோடி சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 146. அதே மின்னோட்டம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் இரு மடங்கு திறன் கொடுத்தாக வேண்டும். ஆக மொத்தம் 4 மடங்கு. டிரான்ஸ்மிட்டர் கொடுத்ததுதான் வெளியே வருகிறது.

கேள்வி (அதே நண்பர்): அதே மின்னோட்டம் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? என் டிரான்ஸ்மிட்டர் தருவது மொத்தமே 100 வாட்.

பதில்: சரியான மறுப்பு. தனி ஆண்டெனாவுக்கு 100 வாட் கொடுக்கும்போது ஓடுவதில் பாதி மின்னோட்டமே இப்போது ஒவ்வொன்றிலும் ஓடும். இரண்டு பாதிகள் சேர்ந்து தருவது அந்தத் தனி ஆண்டெனாவின் புலம்தான். திறன் துளியும் கூடவில்லை.

கேள்வி (மீண்டும் அவரே): எதிர்க்கட்டத்தில் (ஒன்றின் மேட்டில் மற்றதன் பள்ளம் வரும்படி) இயக்கினால்?

பதில்: கதிர்வீச்சுத் தடை சுழியை நோக்கி விழும். கதிர்வீச்சாக வெளியே கிளம்புவதே சொற்பம், கம்பிதான் சூடாகும்.

கேள்வி: கரும்பட்டையில் ஒளி வெப்பமாக மாறுகிறதா?

பதில்: இல்லை. முதல் பதில்.

கேள்வி: அலைகள் ஒன்றையொன்று இல்லாமலாக்கும் அழிவுக் குறுக்கீட்டில் ஆற்றல் அழிகிறது, அப்படித்தானே?

பதில்: இல்லவே இல்லை. அழிவு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். முதல் பதிலை மறுபடி படியுங்கள்.

கேள்வி: இரண்டு லேசர் கற்றைகளை முழுமையாக ஒன்றின்மேல் ஒன்று, எதிர்க்கட்டத்தில் வைத்தால்?

பதில்: அப்படிச் சேர்க்க, பாதியை எதிரொளித்துப் பாதியைக் கடத்தும் கண்ணாடி வேண்டும். அதற்கு இரண்டு வெளிவாசல்கள். ஒன்று இருண்டால் மற்றது பொலியும். 2015-ல் ஈர்ப்பலையைப் பிடித்த லைகோ என்ற லேசர் ஆய்வுக் கருவியில் உணரி இருக்கும் வாசலை ஏறத்தாழ இருட்டாகவே வைத்திருக்கிறார்கள். ஒளி லேசரை நோக்கித் திரும்புகிறது. வழியில் ஓர் ஆடி அதை மறுபடி உள்ளே அனுப்புகிறது.

கேள்வி: கயிற்றில் எதிரெதிராக வரும் மேட்டுத் துடிப்பும் பள்ளத் துடிப்பும் சந்திக்கும் கணத்தில் கயிறு நேராகிவிடுகிறதே?

பதில்: நேராக இருக்கிறது, நிற்கவில்லை. அந்தக் கணத்தில் அந்த இடத்தின் ஒரு பாதி மேலேயும் மறு பாதி கீழேயும் இரட்டை வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றல் முழுவதும் அந்த வேகத்தில் இருக்கிறது.