ஊசி ஒரே இடம், மருந்து போன இடம்?

கேள்வி: இரண்டு வருடமாக இடுப்பு வலி, இடது கெண்டைக்கால் வரை இழுக்கிறது. முதுகில் ஸ்டீராய்டு ஊசி முதல் முறை நன்றாகக் கேட்டது. போன மாதம் அதே இடத்தில் அதே மருந்து, பலனே இல்லை. ஏன்?

பதில்: குத்திய இடம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் மருந்து இரண்டு முறையும் ஒரே இடத்துக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. தண்டுவடத்தை மூடிய உறைக்கு வெளியே, எலும்புக்கு உள்ளே இருக்கும் இடுக்கில்தான் இந்த எபிடூரல் ஊசியைப் போடுகிறார்கள். அது வெறும் குழாய் இல்லை. கொழுப்பு, மெல்லிய ரத்தக் குழாய்கள், வெளியே கிளம்பும் நரம்பு வேர்கள் எல்லாம் அடைந்து கிடக்கும். மருந்து எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் ஓடிவிடும். ஏற்கெனவே ஆபரேஷன் ஆன முதுகென்றால் தழும்பு ஒட்டிக்கொண்டு வழியை மறிக்கும்.

போடும் வழியும் முக்கியம். முதுகின் நடுக்கோட்டில், இரண்டு எலும்புகளுக்கு இடையே போட்டால் மருந்து பெரும்பாலும் பின்பக்கமே தங்கும், பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதோ முன்பக்கம். பக்கவாட்டில் நரம்புத் துளையருகே போட்டால் அங்கே போய்ச் சேர இரண்டு மூன்று மில்லியே போதும். வாலெலும்புக்குச் சற்று மேலே உள்ள துளை வழி, 1901லேயே பாரிஸில் சிகார், கத்தலான் என்ற மருத்துவர்கள் இருவரும் எழுதிய வழி, அதில் கீழிருந்து மேலே ஏற வேண்டும், அதனால் பத்து இருபது மில்லிகூடத் தேவைப்படும்.

இதனால்தான் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி முதலில் எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் விடுகிறார்கள். சரியாகப் போனால் நரம்போடு ஒட்டி ஒரு கறுப்புக் கோடு இறங்கும். ரத்தக் குழாய்க்குள் போனால் கோடு நிற்காது, கண் முன்னாலேயே கரைந்துவிடும். அப்போது ஊசியை நகர்த்தாமல் மருந்தை விடவே கூடாது. அடுத்த ஊசிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு முறை எடுத்த படங்களையும் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

அப்புறம், ஊசி போட்ட முதல் சில மணி நேரம் கால் வலி விட்டிருந்ததா என்று யோசியுங்கள். அது கூடவே கலந்த மரமரப்பு மருந்தின் வேலை. விட்டிருந்தால் மருந்து நரம்பை எட்டியிருக்க வாய்ப்பு அதிகம், அப்படியும் வலி திரும்பியதென்றால் இன்னொரு ஊசியை விட வேறு வழி பார்ப்பதே நல்லது. காலில் இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு இந்த ஊசியே வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2016ல் சொல்லிவிட்டது.

சர்க்கரை இருந்தால் ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். கால் பலவீனமானாலோ சிறுநீர் போவதில் மாற்றம் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.