கார் வாஷும் ரேடியோ ஆன்டெனாவும்: கேள்வி பதில்

கார் ஸ்டீரியோ, வயரிங் வேலை என் தொழில். கடைக்கு உடைந்து வருகிற ஆன்டெனாக்களில் பெரும்பாலானவை வாட்டர் வாஷில் உடைந்தவைதான். வாஷுக்கு விடும் முன் கழற்றி வைத்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. அதனால் இந்த முறை கேள்விகளை ஆன்டெனாவோடு நிறுத்திக்கொண்டோம். கேட்டவர்களின் ஊரையும் வண்டியையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர், ஹேட்ச்பேக்: சார், எங்கள் பக்கத்தில் பிரஷ் சுற்றுகிற ஆட்டோமேட்டிக் வாஷ் வந்திருக்கிறது. கூரை மேல் உள்ள கம்பியைப் பின்பக்கம் மடக்கி வைத்தால் போதாதா? கழற்றித்தான் ஆகணுமா?

கழற்றிவிடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், அப்போதுதான் ஒவ்வொரு முறையும் செய்யத் தோன்றும்.

அந்த மெஷினில் வண்டி நிற்கும். பிரஷ் மாட்டிய சட்டம் முன்னும் பின்னும் நகரும். மேலே படுத்த வாக்கில் ஒரு நீள உருளை பிரஷ் இருக்கிறது. அது பானெட், முன்கண்ணாடி, கூரை என்று வண்டியின் வடிவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டே போகும். முன்னாலிருந்து வரும்போது பின்பக்கம் சாய்ந்த கம்பியை அமுக்கிக்கொண்டு போய்விடும், பெரிதாக ஒன்றும் ஆகாது. திரும்பி வரும்போதுதான் ஆபத்து. பின்னாலிருந்து வருகிற பிரஷ் இழை கம்பியின் நுனிக்கு அடியில் நுழைந்து தூக்கும், சுற்றிக்கூடக் கொள்ளும். மடக்கி வைத்த கம்பியும் அப்போது நிமிர்ந்துவிடும்.

உடைவது இரண்டு இடத்தில். கம்பியின் கழுத்தில், அதாவது மரைக்குச் சற்று மேலே உடைந்தால் கம்பியை மட்டும் மாற்றினால் போதும், சின்னச் செலவு. அடியில் இருக்கிற பேஸின் மடங்கும் பகுதி உடைந்தால் கூரையின் உள்துணியை இறக்கி, நட்டைக் கழற்றி, பேஸையே மாற்ற வேண்டும். பொருளின் விலையோடு கூலியும் சேரும். போதாததற்கு, கம்பி சாட்டை மாதிரி அடித்துக் கூரை பெயின்டில் வரிவரியாகக் கோடு போட்டுவிடும்.

பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்கமாகக் கையால் திருகினாலே கம்பி கழன்று வரும். எப்போதும் ஒரே இடத்தில், டேஷ்போர்டு பெட்டியிலோ கதவுப் பையிலோ வையுங்கள். கண்ட இடத்தில் வைத்தால் தொலையும். வாஷ் முடிந்ததும் மரையில் உள்ள ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கை இறுக்கம் போதும், பிளேயர் வேண்டாம்.

அதே நண்பர்: கழற்றிய இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்காதா?

வண்டிக்குள் இறங்காது. சில பேஸில் மரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் குழியாக இருக்கும். குழியாக இருந்தாலும் பொதுவாக அது அடி மூடிய குழிதான். ஆனால் சோப்புத் தண்ணீர் அதில் தேங்கி நின்றால் நாளடைவில் மரை பூக்கும். வாஷ் நேரத்துக்கு மட்டும் அதே அளவு குட்டை ஸ்குரூ ஒன்றை ரப்பர் வாஷரோடு விரலால் திருகி வையுங்கள். இல்லையென்றால் ஒரு துண்டு டேப் ஒட்டினாலும் சரி. பிரஷ் இல்லாமல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்துக் கழுவுகிற இடமானால், பேஸுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்து அடிக்க வேண்டாம் என்று கழுவுகிற தம்பியிடம் சொல்லிவிடுங்கள். பேஸின் அடி ரப்பர் பழசாக இருந்தால் அந்த அழுத்தத்தில் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்.

தூத்துக்குடி, 10 வருட வண்டி: கழற்றலாம் என்றால் கம்பி அசையவே மாட்டேன் என்கிறது அண்ணா. பிளேயர் போட்டுத் திருகலாமா?

கடற்கரை ஊர்களில் இது சகஜம். உப்புக் காற்றில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு சீக்கிரம் வரும். மரைக்குள் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி கட்டிப் பூட்டிக்கொள்ளும்.

ரப்பர் உறையைப் பிடித்து முறுக்காதீர்கள். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. ரப்பர் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே சுருள் அறுந்திருக்கும், எஃப்எம் போய்விடும். முதலில் டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேயை அந்த இணைப்பில் கொஞ்சம் அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கம்பியின் அடியில் இருக்கும் உலோகக் கழுத்தை மட்டும் துணி சுற்றிப் பிடித்து, இன்னொரு கையால் பேஸை அசையாமல் பிடித்துக்கொண்டு, முதலில் வலப்பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் இடப்பக்கம் என்று மாறி மாறித் திருகுங்கள். மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு கேட்டால் விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். பேஸே சேர்ந்து சுழன்றால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே இருக்கிற கேபிள் முறுக்கிக்கொள்ளும்.

கழன்றதும் பழைய டூத் பிரஷால் மரையைச் சுத்தம் செய்து, மாதம் ஒரு முறை சும்மாவாவது கழற்றி மாட்டுங்கள். அந்த ஊரில் அதுதான் வழி.

சென்னை, செடான்: சுறாத் துடுப்பு மாதிரி ஆன்டெனா ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதை ஒட்டிவிட்டால் வாஷ் தொல்லை தீர்ந்ததா சார்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். ஷார்க் ஃபின் என்று விற்பதில் மூன்று வகை இருக்கிறது, வாங்கும் முன் அது தெரிய வேண்டும்.

முதல் வகை வெறும் பிளாஸ்டிக். டேப்பால் ஒட்டுகிற அலங்காரம், உள்ளே ஒன்றுமே கிடையாது. கம்பியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் ரேடியோ படுத்துவிடும். இரண்டாவது வகை, பழைய பேஸின் மேல் கவிழ்த்து மூடி, உள்ளே இருக்கிற சின்ன ஒயரை மரையில் மாட்டுவது. இது ஊருக்குள் ஓரளவு பாடும். மூன்றாவதுதான் உண்மையானது. பழைய பேஸை மொத்தமாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்துவது. உள்ளே ஆம்ப்ளிஃபயர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் எதற்கு? எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் கூரைத் தகட்டின் மேல் அது அருமையாக வேலை செய்யும். பழைய வண்டிகளில் இழுத்து நீட்டுகிற ஏரியல் அந்த நீளத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான். இப்போது வருகிற குட்டைக் கம்பியில் ஒயரைச் சுருளாகச் சுற்றி அந்தக் குறையைச் சமாளிக்கிறார்கள். துடுப்புக்குள் இடம் இன்னும் குறைவு, அதனால் கிடைக்கிற சின்ன சிக்னலை ஆம்ப்ளிஃபயர் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மீடியம் வேவ் கேட்பவராக இருந்தால் இன்னும் யோசியுங்கள். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 400 மீட்டருக்கு மேல். அங்கே கம்பி குறையக் குறைய இரைச்சல் கூடும். ஆகாசவாணியின் டிஆர்எம் டிஜிட்டல் ஒலிபரப்பும் மீடியம் வேவில்தான் வருகிறது. அந்த வசதி உள்ள ஸ்டீரியோ இருந்தால் துடுப்பை நம்பி கம்பியை எடுத்துவிடாதீர்கள்.

டேப் வகையை ஒட்டியே ஆகணும் என்றால் கூரையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நிழலில் ஒட்டி, குறைந்தது ஒரு நாளாவது தண்ணீர் படாமல் விடுங்கள். மதிய வெயிலில் கொதிக்கிற கூரையில் ஒட்டிவிட்டு மாலையில் வாஷுக்கு விட்டால் துடுப்பு பிரஷோடு போய்விடும்.

தேனி, ஹேட்ச்பேக்: விரல் நீளக் குட்டைக் கம்பி மாட்டினேன். வாஷில் உடையாது. ஆனால் கொடைக்கானல் எஃப்எம் முன்போல் வரவில்லையே அண்ணா?

வராதுதான். கொடைக்கானல் 100.5 மலை மேலிருந்து ஒலிபரப்பாவதால் தென்மாவட்டங்களில் வெகுதூரம் கேட்கிறது. தேனிச் சமவெளியில் மலை மறைக்காத இடத்தில் குட்டைக் கம்பியே போதும். ஆனால் மலை மறைக்கிற இடத்திலும், ஒலிபரப்பு எட்டுகிற எல்லை ஓரங்களிலும் சிக்னல் மெலிந்து வரும். நல்ல கம்பி அதைப் பிடித்துவிடும், குட்டைக் கம்பி விட்டுவிடும். ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊருக்குள் குட்டை, நெடும் பயணத்துக்கு ஒரிஜினல் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது பழைய கம்பியைக் கையோடு கொண்டு போங்கள். மரை பொதுவாக 5 அல்லது 6 மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு சுற்று விரலால் சுலபமாக ஏற வேண்டும். அதற்குள் இறுகிக்கொண்டால் அளவு வேறு என்று அர்த்தம். அழுத்தித் திருகினால் பேஸ் மரை போய்விடும்.

யாழ்ப்பாணம், ஜப்பான் வண்டி: அண்ணை, சேர்விஸில கழுவேக்க ஏரியல் முறிஞ்சு புதுசு போட்டனான். இப்பவும் 90-க்கு மேல ஒரு அலைவரிசையும் வரேல்லை. ஏரியல் பிழையோ?

ஏரியல் மேல் தப்பு இருக்காது தம்பி. ஜப்பானில் எஃப்எம் 76-இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது, பிறகு 95 வரை நீட்டினார்கள். அங்கே விற்பனைக்குச் செய்த ரேடியோவில் 100, 105 எல்லாம் வராது. இலங்கையில் இறக்குமதியானதும் ஆன்டெனா கேபிளுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி போடுவார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 14 இறக்குகிற பெட்டியானால் 100-இல் வருகிற நிலையம் உங்கள் ரேடியோவில் 86-இல் கேட்கும். முன்பு கேட்டது இப்போது கேட்கவில்லை என்றால், ஏரியல் மாற்றியவர் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு நேராக ஜேக்கை மாட்டியிருப்பார், அல்லது பெட்டிக்கு வருகிற பவர் ஒயர் கழன்றிருக்கும். ரேடியோவின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேலம், எஸ்யூவி: வாஷ் விட்டு வந்த நாளிலிருந்து எஃப்எம் ஒரே இரைச்சல். அதே வாரம்தான் டச் ஸ்கிரீன் ஸ்டீரியோவும் மாற்றினோம். எதைச் சந்தேகப்படுவது?

ஸ்டீரியோவை. பல வண்டிகளில் கூரை பேஸுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பழைய ஸ்டீரியோ அதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. புதியதில் ஆன்டெனா பவருக்கு என்று நீல ஒயர் ஒன்று வரும், அதை இணைக்காமல் டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். சில வண்டிகளில் ஆன்டெனா கேபிள் வழியாகவே மின்சாரம் போக வேண்டும், அதற்குத் தனி அடாப்டர் போட வேண்டும். ஸ்டீரியோ மாட்டியவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே செய்ய ஒன்று: சிகரெட் லைட்டர் ஓட்டையில் இருக்கிற மொபைல் சார்ஜர், டேஷ்கேம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். மட்டமான சார்ஜர் எஃப்எம்மில் நன்றாக இரையும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் வாஷைச் சந்தேகப்படலாம். ஆம்ப்ளிஃபயர் இல்லாத பேஸ் என்றால் மல்டிமீட்டரில் சோதனை சுலபம். மரையிலிருந்து ஜேக்கின் நடு ஊசி வரை தொடர்ச்சி காட்ட வேண்டும், நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது அல்லது கேபிள் நசுங்கியிருக்கிறது.

திருச்சி, பழைய செடான்: ரேடியோ போட்டால் தானே எழும்பும் மோட்டார் ஏரியல் என்னுடையது. வாஷில் வளைந்துவிட்டது. இப்போது பாதியில் நின்று மோட்டார் உறுமுகிறது.

மோட்டாரையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். கம்பி மட்டும் தனியாகக் கிடைக்கிற மாடல்கள் நிறைய உண்டு. கம்பியின் அடியில் பல் வெட்டிய நைலான் கயிறு ஒன்று நீளமாகத் தொங்கும். மோட்டாரின் பல்சக்கரம் அதைப் பிடித்துத் தள்ளும், இழுக்கும். கம்பி வளைந்ததால் இறங்க முடியாமல் கயிற்றின் பல் வழுக்குகிறது, அந்தச் சத்தம்தான் உறுமல்.

மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே உள்ள வளைய நட்டைக் கழற்றி, ஒருவர் ரேடியோவை ஆன் செய்ய, மற்றவர் கம்பியை மேலே இழுத்தால் கயிறோடு முழுதாக வெளியே வந்துவிடும். பல் அறுந்து உள்ளே துண்டு தங்கியிருந்தால் மட்டும் மோட்டாரைப் பிரிக்க வேண்டும். புதிய கயிற்றின் பல் பழையது இருந்த பக்கமே பார்த்திருக்கும்படி நுழைத்து, ரேடியோவை ஆஃப் செய்யுங்கள். மோட்டார் கயிற்றைக் கவ்வி இழுக்கும்போது கையில் தெரியும். கம்பியை நேராகப் பிடித்து விட்டுக்கொடுத்தால் போதும்.

இனி வாஷுக்கு முன் ரேடியோவை அணைத்து, கம்பி முழுதாக இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு விடுங்கள். கழுவுகிறவர்கள் பாட்டுக்காக ரேடியோவைப் போடுவார்கள், போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

நாகர்கோவில்: மழையில் கூரை விளக்கு ஓரமாகத் தண்ணீர் சொட்டுகிறது. ஆன்டெனா சுற்றி சிலிக்கான் பூசினோம், நிற்கவில்லை.

வெளியே பூசி நிற்காது. வெயிலில் காய்ந்து வெடித்தது பேஸின் அடி ரப்பர், அதைத்தான் மாற்றணும். பேஸைக் கழற்றி, துளையைச் சுற்றித் துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடித்து, புது ரப்பர் வைத்து இறுக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: பேஸின் அடியில் இருக்கும் பற்கள் கூரைத் தகட்டின் வெற்று உலோகத்தைக் கடிக்க வேண்டும், அதுதான் எர்த். அங்கேயும் பெயின்ட் பூசிவிட்டால் ஒழுக்கு நிற்கும், ரேடியோ இரையும். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் உலோகத்தை அரிக்கும். பூசித்தான் ஆக வேண்டுமென்றால் வாடையில்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். கூரை ஓரத்தில் ஏர்பேக் உள்ள வண்டியில் உள்துணியை நீங்களே இறக்காதீர்கள், தெரிந்தவரிடம் விடுங்கள்.

மதுரை: என் வண்டியில் வெளியே ஆன்டெனாவே இல்லை. பின்கண்ணாடிக் கோட்டில்தான் இருக்கிறதாம். எனக்குக் கவலை இல்லைதானே?

வெளி வாஷில் கவலை இல்லை. உள்ளே துடைக்கும்போது உண்டு. அந்தக் கோடுகள் கண்ணாடியின் உட்பக்கம் அச்சிட்ட உலோகப் பூச்சு. ஸ்கிரப்பர், பிளேடு கூடாது. மெல்லிய துணியால் கோடு போகிற திசையிலேயே துடைக்கச் சொல்லுங்கள். சன் பிலிமையும் யோசித்து ஒட்டுங்கள். உச்ச நீதிமன்றம் 2012-இல் கறுப்பு பிலிமுக்குத் தடை போட்டது ஒரு பக்கம் இருக்க, உலோகம் கலந்த பிலிம் எதுவானாலும் அந்த ஆன்டெனாவை மறைத்துவிடும். பழைய பிலிமை உரிக்கும்போது கோடும் சேர்ந்து உரிந்து வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஈரோடு: கம்பெனியிலேயே துடுப்பு வைத்து வந்த புது வண்டி. பிரஷ் வாஷுக்கு விடலாமா?

தாராளமாக விடலாம். கழற்ற முயலாதீர்கள், அதற்குள் ஜிபிஎஸ், சிம் தொடர்பு எல்லாம் சேர்ந்து இருக்கலாம். விளிம்பு ரப்பர் எங்காவது தூக்கிக்கொண்டு நின்றால் மட்டும் வாஷுக்கு முன் சர்வீஸில் காட்டிவிடுங்கள்.