சொல் தேடும் கட்டம்

கேள்வி: ஜூனில் பள்ளி திறக்கிறது. மூன்றாம் வகுப்புக்குப் போகும் மகளுக்குச் சொல் தேடும் கட்டம் அச்சடித்துக் கொடுக்க ஆசை. கணினிக் கருவியில் போட்டால் ‘கொ’ உடைந்துபோகிறதே?
- ஒரு வாசகி, தேனி

பதில்: ஆங்கிலத்துக்கென்று செய்த கருவி அப்படித்தான் படுத்தும். நானும் பட்டிருக்கிறேன். சரி, 8-க்கு 8 அட்டவணை அச்செடுத்துக் கையாலேயே நிரப்புங்கள். ‘கொ’ ஒரே கட்டம். புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம். ‘பள்ளிக்கூடம்’ 7, ‘புத்தகம்’ 5.

மிச்சக் கட்டங்களில்தான் சூட்சுமம். 247 எழுத்து இருக்கிறதே என்று ‘ஙௌ’ போட்டால் பிள்ளை பார்த்ததுமே ஒதுக்கிவிடும். ஒளித்த சொற்களின் ளி, கூ, த்-களையே இறைத்துவிடுங்கள். என் பேரன் இரண்டு முறை ஏமாந்தான். அப்புறம் அவனே எனக்கொரு கட்டம் போட்டுத் தந்தான். அதில் ஒரு சொல் இன்னும் பாக்கி.